விடுதலை வாங்கித் தந்த வெள்ளை நூல்!

நாகர்கோவிலில் ஒரு காலத்தில் சில பெண்கள் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே பணத்தை எண்ணி வைத்து வாங்கினார்கள். வயலோடும் மாட்டோடும் சேர்த்து அவர்களும் ஒருவருக்குச் சொந்தமாக இருந்த காலம் அது. அந்தச் சொந்தக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, "இனி நான் உன் அடிமையில்லை" என்று வெளியே வந்தார்கள். அந்தப் பணம் வந்தது நகையை விற்றோ நிலத்தை அடகு வைத்தோ அல்ல. அவர்களிடம் இரண்டுமே கிடையாது. இருந்ததெல்லாம் பத்து விரல்கள். அந்த விரல்களுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்பது அவர்களுக்கே தெரியாது. கற்றுக்கொடுத்த பெண்மணியும் அதற்காகக் கப்பல் ஏறி வந்தவர் இல்லை.

அந்த வேலைக்குப் பெயர் லேஸ் பின்னல். சேலை ஓரத்திலும், மேசை விரிப்பிலும், கல்யாணப் பெண்ணின் முகத்திரையிலும், தேவாலய பீடத்துத் துணியிலும் பார்க்கிறோமே, ஓட்டை ஓட்டையாகப் பூவும் இலையுமாக... அதுதான். நாகர்கோவில் லேஸ் என்றால் இரண்டு நூற்றாண்டுகளாகக் கடல் கடந்தும் பெயர். அதன் ஆரம்பம் 1821.

வந்தது எதற்கோ!

மார்த்தா மால்ட், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி. இருவரும் 1819-ஆம் ஆண்டின் கடைசியில் நாகர்கோவில் வந்து சேர்ந்தார்கள். அப்போது குமரி மாவட்டம் என்ற ஒன்று கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர்களுக்கு முன்பே ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806-ல் வந்து, மயிலாடியை மையமாக வைத்து வேலை செய்துவிட்டு 1816-ல் போய்விட்டார். 1818-ல் சார்லஸ் மீட் வந்தார். திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கொடுத்த உதவியோடும், ரெசிடென்ட் மன்றோவின் ஆதரவோடும் நாகர்கோவிலில் பள்ளிக்கூடமும் கோயிலும் எழும்பத் தொடங்கிய நேரம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மிஷனரி என்று சம்பளப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டது கணவர்களுக்கு மட்டும்தான். மனைவிமார்கள் கூட வந்தவர்கள். பள்ளிக்கூடம் நடத்துவார்கள், நோயாளியைப் பார்ப்பார்கள், மொழி கற்பார்கள், பிள்ளை பெறுவார்கள், காய்ச்சலில் சாவார்கள். ஆனால், அறிக்கையில் 'மிஸஸ் மால்ட்' என்று கணவர் பெயரோடு ஒரு வரி வந்தால் பெரிய விஷயம். ஊரில் ஜனங்கள் 'மதாம்மா' என்பார்கள். அவ்வளவுதான் பதவி.

மார்த்தா செய்ய நினைத்தது, பெண் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவது. அது அன்றைக்கு எத்தனை வினோதமான யோசனை என்பது இப்போது நமக்குப் புரியாது. பெண் படித்து என்ன ஆகப்போகிறது என்பது எல்லா வீட்டிலும் இருந்த கேள்வி. படிப்பு, பாட்டு எல்லாம் கோயிலில் ஆடும் பெண்களுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் வேறு. மிஷன் பள்ளிக்கு வரக்கூடிய குடும்பங்களோ ஏழைகளிலும் ஏழைகள். ஒரு பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், அவள் பார்க்கும் வேலை நின்றுபோகும். ஆடு மேய்க்க, தம்பியைத் தூக்கி வைத்திருக்க, விறகு பொறுக்க ஆள் குறையும். எனவே, பிள்ளைகளைத் தங்க வைத்து, சோறு போட்டு, துணி கொடுத்துத்தான் படிக்க வைக்க முடியும் என்றானது. இப்படித்தான் நாகர்கோவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது.

சரி, சோறு போட யார் பணம் தருவது? இங்கிலாந்திலிருந்து நன்கொடை வரலாம், வராமலும் போகலாம். கடிதம் போய்ச் சேரவே, ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பலில் மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகளுக்குக் கையில் ஒரு தொழில் இருந்தால் பள்ளியும் பிழைக்கும், பிள்ளைகளும் பிழைப்பார்கள். அந்தத் தேவையில்தான், ஆங்கிலேயப் பெண்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து செய்யும் ஒரு கைவேலை, நாகர்கோவில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தில் கை லேஸ் தொழில் செத்துக்கொண்டிருந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1809-ல் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள் புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். அவர் அசரவில்லை; கை லேஸுக்குப் பேர்போன டெவன் மாகாணத்துக்கே ஆலையை மாற்றிக்கொண்டு போனார். 1840-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாண உடைக்கு டெவன் பெண்கள் 200-க்கும் மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து லேஸ் பின்னினார்கள் என்றால், நசிந்து கிடந்த அந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்தில் சோறு போடாமல் போன வேலைதான், நாஞ்சில் நாட்டில் சோறு போட வந்தது.

தலையணையும் குண்டூசியும்

எம்பிராய்டரி செய்ய முதலில் துணி வேண்டும். இந்த லேஸுக்குத் துணியே வேண்டாம். நூலிலிருந்தே பூவும் இலையும் பிறக்கும். பஞ்சோ வைக்கோலோ இறுக்கி அடைத்த ஒரு கெட்டித் தலையணை. அதன்மேல் கோலப்புள்ளி மாதிரி துளைகள் குத்திய ஓர் அட்டை. துளைக்கு ஒன்றாகப் பித்தளைக் குண்டூசி (இரும்பென்றால் துருப்பிடித்து வெள்ளை நூல் பாழ்). விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மரக்கட்டைகள். அவற்றின் கழுத்தில் நூல் சுற்றியிருக்கும். இதுதான் மொத்தக் கருவியும்.

கட்டைகள் எப்போதும் ஜோடி ஜோடியாக வேலை செய்யும். அடிப்படை அசைவு இரண்டே இரண்டு. ஒரு நூலை இன்னொன்றின் மேல் குறுக்கே போடுவது, ஜோடியை முறுக்குவது. எந்த ஊசியில் எந்த ஜோடி குறுக்கே போகிறது, எங்கே ஒரு முறுக்கு, எங்கே இரண்டு என்பதில்தான் பூ, இலை, கொடி, வலை எல்லாம். சின்ன ஓரப்பட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு ஜோடி போதும். அகலமான வேலை என்றால் ஐம்பது, நூறு ஜோடிகள் தலையணையின் மேல் விசிறியாகக் கிடக்கும். பழகாத கண்ணுக்கு அது ஒரே சிக்கல். பழகியவளோ கட்டையைப் பார்ப்பதே இல்லை. கண் ஊசியின் மேல் இருக்கும், கை தன்பாட்டுக்குக் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போகும். இத்தனை செய்தாலும், நுணுக்கமான வேலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல் அகலம் வளர்ந்தால் அதிகம்.

வியர்வை பட்டால் நூல் மங்கும், இழுவை கூடினால் அறும், குறைந்தால் தொளதொளக்கும். நாஞ்சில் நாட்டுப் புழுக்கத்தில், வயல் சேறும் மாட்டுச் சாணமும் கலந்த வாழ்க்கையிலிருந்து வந்த பிள்ளைகள் இதைச் செய்வார்கள் என்று யார் நம்பியிருப்பார்கள்? செய்தார்கள். ஐரோப்பியக் கடைகளில் வைக்கும் தரத்தில் செய்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் தேடி வாங்கின. மெட்ராஸுக்குப் போனது, இங்கிலாந்துக்குப் போனது, வெளிநாட்டுப் பொருட்காட்சிகளுக்கும் போனது.

மிஷன் எழுத்துகளைப் படித்தால், ஒன்றும் தெரியாத பெண்களுக்கு ஐரோப்பா ஒரு கலையைக் கொடுத்தது என்ற தொனி இருக்கும். அதில் பாதிதான் உண்மை. லேஸ் புதிது, விரல் வேலை புதிதில்லை. குமரிப் பகுதியில் பனை இருக்கும் விளைகளில் எல்லாம் பெண்கள் ஓலை முடைவார்கள். பெட்டி, கடவம், முறம், பாய் என்று பிள்ளைப் பிராயத்திலிருந்தே கை பழகிவிடும். ஓலை முடைவதும் என்ன? ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, குறுக்கே விட்டு இறுக்குவதுதான். கடலோரத்தில் வலை பின்னல், கயிறு திரித்தல்; தோவாளைப் பக்கம் பூத்தொடுப்பு. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவளுக்குத் துளை குத்திய அட்டை என்ன பெரிய அதிசயம்! அன்றாடம் செய்ததால் திறமை என்று யாரும் பெயர் வைக்காத ஒன்று, பனையோலையை விட்டு நூலுக்கு மாறியதும் விலை பெற்றது. மார்த்தாவுக்கும் அதுதான் கதை. அவருடைய சொந்த நாட்டில் கை லேஸ் என்பது ஏழைப் பெண்களின் பிழைப்பு, வசதியான பெண்களின் பொழுதுபோக்கு. அதை ஒரு தகுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு யாரும் இந்தியாவுக்கு வருவதில்லை.

1,64,864 பேர்

அந்த நாளைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டபூர்வமானது. 1836-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் 1,64,864 பேர் அடிமைகள் என்று பதிவானது. மொத்த மக்களோ ஏறக்குறைய 12.8 லட்சம். எட்டுப் பேருக்கு ஒருவர்! புலையர், பறையர் முதலான சாதிகளில் பிறந்தவர்கள் நிலத்தோடு சேர்ந்த சொத்தாகக் கருதப்பட்டார்கள். விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விடலாம். ஜன்மம், காணம், பாட்டம் என்று நிலத்துக்கு என்னென்ன கைமாற்று முறை உண்டோ, மனிதருக்கும் அதுவே. தாய் ஒருவருக்கும் பிள்ளை ஒருவருக்கும் சொந்தமாவது உண்டு. பொது வழியில் நடக்கக் கூடாது, சந்தைக்குள் நுழையக் கூடாது, மேல்சாதிக்காரருக்கு இத்தனை அடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள்.

மார்த்தாவின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். லேஸுக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்து, அந்தப் பெண்களில் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். எத்தனை ஜோடிக் கட்டைகள், எத்தனை ஆயிரம் முறுக்குகள், எத்தனை மாதங்கள் அல்லது வருடங்கள் அதற்குப் போயிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. மனிதரை மனிதர் வைத்திருப்பதே அநியாயம். அதிலிருந்து வெளிவர அந்த மனிதருக்கே பணம் கொடுக்க வேண்டியிருந்தது இன்னொரு அநியாயம். ஆனாலும், சட்டம் வரும் வரை காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. 1847-ல் மிஷனரிகள் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி மன்னருக்கு மனுக் கொடுத்தார்கள். 1853-ல் பாதி, 1855-ல் மீதி என்று உத்தரவுகள் வந்து, 1855 ஜூன் 24 அன்றுதான் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது. லேஸ் பின்னத் தொடங்கி 34 ஆண்டுகள் கழித்து. அதுவரை காத்திருந்தால், பள்ளியில் சேர்ந்த முதல் செட் பிள்ளைகள் பாட்டிகளாகியிருப்பார்கள்.

பின்னலாம், போடக் கூடாது!

இன்னொரு முரண், இதைவிடக் கூர்மையானது. அதே காலத்தில், அதே ஊரில், நாடார் பெண்களும் அவர்களைவிடத் தாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட சாதிப் பெண்களும் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போட்டு மார்பை மறைக்க உரிமையில்லை. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்கிற தொளதொள ரவிக்கை போட்டுக்கொள்ளலாம் என்று மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்திருந்தது. மிஷனரி மனைவிமார்கள் அந்தக் குப்பாயத்தைத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், பெண்கள் அதற்கு மேல் ஒரு சீலையும் போடத் தொடங்கியதும் ஊர் கொந்தளித்தது. 1822-ல் கல்குளம் பகுதியில் தொடங்கிய தகராறு, 1827-29-ல் பெரிதாகி, பெண்களின் துணி நடுவீதியில் கிழிக்கப்பட்டது, பள்ளிகளும் கோயில்களும் எரிக்கப்பட்டன. 1829-ல் வந்த அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடை செய்தது. 1858-59-ல் மறுபடி கலவரம். மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26 அன்று மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும்கூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான்.

தேதிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். 1821-ல் நாகர்கோவில் பெண் பிள்ளைகள் லேஸ் பின்ன உட்காருகிறார்கள். 1822-ல் சில மைல் தள்ளி, அதே சமூகத்துப் பெண்களின் மேல்துணிக்காக அடிதடி. கடல் கடந்த சீமாட்டிகளின் கழுத்துக்கும் தோளுக்கும் உலகத்திலேயே மெல்லிய துணி ஓரத்தைப் பின்னிக் கொடுத்தவர்கள், தங்கள் தோளில் ஒரு முழத் துணி போட்டுக்கொண்டு தெருவில் போக முடியாது. இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேஸும் ரவிக்கையும் இரண்டு வேறு பாடங்களாக இருந்திருக்க முடியாது.

அம்மாவிடமிருந்து மகளுக்கு

மால்ட் தம்பதி ஏறக்குறைய 35 ஆண்டுகள் நாகர்கோவிலில் இருந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த மகள் எலைசாவுக்குத் தமிழ், தாய்மொழி மாதிரி. அவரை 1844-ல் கல்யாணம் செய்துகொண்டவர் பெயரைச் சொன்னால் தமிழ் படித்த யாருக்கும் தெரியும்: ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டவர். கால்டுவெல்லின் இலக்கணம் பற்றி ஊருக்கு ஊர் பட்டிமன்றம் நடக்கிறது. எலைசா பற்றிப் பேச்சே இல்லை. திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் குடியேறிய கையோடு அவர் செய்தது, அம்மா நாகர்கோவிலில் செய்ததைத்தான். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி; கூடவே லேஸ். இடையன்குடி லேஸும் பெயர் வாங்கியது. ஒரு கைத்தொழில், நாகர்கோவில் அம்மாவிடமிருந்து இடையன்குடி மகளுக்குச் சீதனமாகப் போனது போல!

நாகர்கோவில் பள்ளியைப் பிற்பாடு நடத்தியவர்களில் ஒருவர் டதி அம்மையார். அவர்கள் பெயரைத் தாங்கியதுதான் இன்றைய டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அதில் படித்த பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறை உள்ள வீடுகள் நாகர்கோவிலில் நிறைய. லேஸ் வேலை அந்தப் பள்ளிச் சுவருக்குள் நிற்கவில்லை. பள்ளி முடித்துக் கல்யாணமாகிப் போன பெண்கள் தலையணையையும் கட்டைகளையும் கூடவே எடுத்துப் போனார்கள். அடுப்படி வேலை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து பின்னுவது, நூலை மிஷன் வளாகத்தில் வாங்கி, முடித்த லேஸை அங்கேயே கொடுத்துக் கூலி வாங்குவது என்று அது ஊர் வழக்கமானது. நெய்யூர், பாறசாலை, மார்த்தாண்டம் என்று எம்பிராய்டரியும் பரவியது. பிள்ளையின் பள்ளிச் செலவு, கணவனுக்கு வேலை இல்லாத மாதத்து அரிசி, மகளின் கல்யாணத்துக்கு ஒரு ஜோடிக் கம்மல் என்று அந்தச் சிறு கூலி எங்கெங்கோ ஒழுகிப் போனது. குமரி மாவட்டத்தில் பெண் கல்வி இன்று இருக்கும் உயரத்துக்கு லேஸ்தான் காரணம் என்று சொல்வது மிகை. அதற்குப் பல காரணங்கள். ஆனால், அந்தக் கணக்கில் இதற்கும் ஒரு பங்கு கட்டாயம் உண்டு.

லேஸ் என்ற சொல்லே பிற்பாடு வந்தது. இலங்கைத் தமிழில் இதற்கு 'ரேந்தை' என்பார்கள், மலையாளத்தில் 'ரேந்த'. இரண்டும் போர்த்துகீசியச் சொல்லான 'ரெண்டா'விலிருந்து வந்தவை. ஆக, மார்த்தாவுக்கு முன்பே நம் கடற்கரைகளில் லேஸ் கால் வைத்திருக்கிறது. இலங்கையின் காலி பக்கத்துச் சிங்களப் பெண்கள் இன்றும் 'பீரலு' என்ற மரக்கட்டைகளால், ஏறக்குறைய இதே முறையில் பின்னுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சத்தம் - கட்டையோடு கட்டை தட்டும் அந்த 'டக் டக்'.

கூலி எவ்வளவு?

இதெல்லாம் இனிக்கும் பகுதி. கசப்பும் இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதாலேயே, லேஸ் பின்னுவதை யாரும் வேலையாக மதிக்கவில்லை. 'சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது' என்பார்கள். விடியற்காலை எழுந்து, தண்ணீர் தூக்கி, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு எந்தப் பெண்ணுக்குச் சும்மா இருக்கிற நேரம் மிச்சமிருக்கிறது? ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நர்சாபூரிலும் இதே போல மிஷனரிகள் வழியாக வந்த குரோஷா லேஸ் தொழில் உண்டு. அங்கே ஆய்வு செய்த ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், 1982-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் தோலுரித்தார். ஏற்றுமதியாகி லாபம் கொழிக்கும் ஒரு தொழிலைச் செய்யும் பெண்கள், 'இல்லத்தரசிகள்' என்ற பெயரில் கணக்கில் வராமல், அற்பக் கூலிக்கு உழைக்கிறார்கள் என்றார். நாகர்கோவிலில் நிலைமை அப்படியே அதுதான் என்று சொல்ல முடியாது. இங்கே வருமானத்தில் ஒரு பகுதி பள்ளிகளுக்குப் போனது. ஆனால், கண் மங்கும் வரை பின்னியவளுக்கும், கடைசியில் அந்த லேஸ் விற்ற விலைக்கும் இடையே இருந்த தூரம் இங்கேயும் கொஞ்சமில்லை.

மற்றொரு விமர்சனமும் உண்டு. வயலில் வேலை பார்த்த பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்து, 'அடக்கமான இல்லத்தரசி'யாக மாற்றும் விக்டோரியா காலத்து ஆசை இந்த லேஸுக்குள் ஒளிந்திருந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தவறில்லை. மதாம்மாக்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால், ஒரு பெண் தான் சம்பாதித்த காசில் தன்னையே மீட்டுக்கொண்டு வெளியே வரும்போது, அவள் எந்த மதாம்மாவின் கற்பனையிலும் இல்லாத வேறு ஒருத்தியாகத்தான் வந்திருப்பாள்.

இன்று இயந்திர லேஸ் மீட்டர் கணக்கில், சுருள் சுருளாகத் துணிக்கடையில் தொங்குகிறது. ஒரு நாள் முழுக்கக் கை பின்னுவதை இயந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் துப்பிவிடும். விலையும் மலிவு. சி.எஸ்.ஐ. திருச்சபை சார்ந்த எம்பிராய்டரி நிலையங்களில் கைவேலை இன்னும் நடக்கிறது. தேடி வந்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், தலையணை லேஸ் பின்னத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். இளம்பெண்களுக்கு நர்ஸிங், ஐ.டி., ஆசிரியர் வேலை என்று வேறு கதவுகள் திறந்துவிட்டன. லேஸ் பின்னிப் படிக்க வைத்த பாட்டிகளுக்கு அதில் வருத்தம் இருக்க நியாயமில்லை.

மார்த்தா மால்ட்டின் பெயர் தப்பிப் பிழைத்துவிட்டது. அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெயர்களோ, விலை கொடுத்துத் தங்களை வாங்கிக்கொண்டவர்களின் பெயர்களோ ஊர்ப் பேச்சில் இல்லை. அவர்கள் பின்னிய லேஸ் எந்தெந்த ஊர்ப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ!

ஒரு துண்டு பின்னி முடிந்ததும் முதலில் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். அதுவரை ஊசிகள்தான் தாங்குகின்றன என்று தோன்றும். கடைசி ஊசியும் வந்த பிறகு, லேஸ் தானாகவே நிற்கும். அதை எடுத்து வெள்ளைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு, துளை குத்திய அட்டையை மட்டும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்வார்கள். அடுத்து உட்காரப்போகும் பெண்ணுக்கு அது வேண்டுமே.